குளிசைப் பந்தி

எங்கள் சாப்பாட்டு மேசையில் இப்போது ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் குளிசைப் பெட்டி. தைரொயிட் குளிசை விரதகாரர். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் வருவார். சீனி வருத்தத்து மெற்போமின் சோறு கண்டால்தான் பந்தியில் இருப்பார். கொழுப்புக்கான சிம்வாஸ்ரற்றின் இரவு விருந்தாளி. கிரேப்புறூட் சாறு அவருக்குப் பகை.

சிரிப்போம். ஆனால் "சீனி குறைஞ்சிட்டுது" என்று நாங்களாகவே குளிசையை நிறுத்துவதும், பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையை வாங்கிப் போடுவதும் சிரிப்பல்ல. சீனி குறைந்தது பெரும்பாலும் அந்தக் குளிசையின் புண்ணியத்தால்தான்.

இங்கிலாந்தில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் விலக்குச் சான்றிதழ் பெற்றால், டொக்டர் எழுதித்தரும் மருந்துகளுக்குக் காசில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்கலாம். பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மறிக்கத் தேவையில்லை. அடுத்தமுறை போகும்போது, குளிசைப் பெட்டியையே கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைப்போம்.