கீபோர்டைத் தொடாமல் பிழை திருத்தும் பயிற்சி

பிளஸ் ஒன் லேப். கால்குலேட்டர் நிரல், 1 அழுத்தினால் கூட்டல், 2 அழுத்தினால் கழித்தல். "சார், எதை அழுத்தினாலும் கூட்டிக்கிட்டே இருக்கு" என்கிறாள் ஒரு மாணவி. இஃப் வரியில் இரண்டு சமக்குறி போடவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் இதைப் பிழையென்று நிறுத்தாது. ஒப்பிடச் சொன்ன இடத்தில், அழுத்திய எண்ணை வைத்திருக்கும் சாய்ஸ் என்ற மாறிக்குள் 1 என்ற மதிப்பைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். புதிதாக வந்த பயிற்சி ஆசிரியருக்குக் கை பரபரக்கும். கீபோர்டை வாங்கி இன்னொரு சமக்குறியைத் தட்டினால் நிரல் ஓடிவிடும். மாணவிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

"இஃப்புக்குள்ள சாய்ஸோட மதிப்பை பிரிண்ட் பண்ணிப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது கடினம். 2 கொடுத்தவளுக்குத் திரையில் 1 வரும்போது மீதியை அவளே பிடித்துவிடுவாள். கணினி அறிவியல் ஆசிரியராகப் போகிறவர் பழகவேண்டிய வேலை இதுதான். இதைப் பழக பி.எட். படிப்பில் இடம் இருக்கிறதா?

காகிதத்தில் தாராளமாகவே இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. பள்ளியில் 20 வாரப் பயிற்சி. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். அதற்கு முன்பே கல்லூரியில் மைக்ரோ டீச்சிங் நடக்கும். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் விமர்சனம், 12 நிமிடம் திருத்தம், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் விமர்சனம் என மொத்தம் 36 நிமிடச் சுற்று. ஒரு நேரத்தில் ஒரு திறன் என்பதால் நல்ல முறைதான். ஆனால் மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் கணினிப் பட்டதாரிகளான சக தோழர்கள். பதினாறு வயதுக்காரி செய்யும் தவறு அவர்களுக்கு வராது. வேண்டுமென்றே பிழை வைத்த நிரலைக் கொடுத்து, கீபோர்டைத் தொடாமல் கேள்வி கேட்டே திருத்த வைக்கும் சுற்று ஒன்றைக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளலாம். செலவே இல்லை.

பள்ளியில் சிக்கல் வேறு. மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் தனிப்பாடமாக வருவது பிளஸ் ஒன்னில்தான். பத்தாம் வகுப்பில் ஸ்கிராட்ச் உண்டு. அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமாக. ஆகவே உயர்நிலைப் பள்ளியோ கணினிப் பிரிவு இல்லாத மேல்நிலைப் பள்ளியோ அமைந்தால், பயிற்சி ஆசிரியர் தன் பாடத்தை எடுக்க வழியே குறைவு. பிரிவு இருந்தாலும், லெசன் பிளான், ரெக்கார்டு, கரும்பலகை வகுப்பு எல்லாம் தியரிக்கே சரியாகிவிடும். பொதுத்தேர்வில் செய்முறைக்கு 20 மதிப்பெண் இருக்க, லேபில் தனியாக நின்று பழகாமலே ஒருவர் பட்டம் வாங்கிவிடுவது என்ன கணக்கோ.

எனவே பள்ளி ஒதுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது: அங்கே கணினி அறிவியல் குரூப் உண்டா? வாரத்துக்கு எத்தனை லேப் பீரியட்? ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர்? கைடு டீச்சர் லேபிலும் வந்து உட்கார்ந்து குறிப்பெழுதுவாரா?