மலைக்குப் போகும் குடும்பத்துக்கு எந்த வண்டி?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில், எங்கள் குடும்பம் கொல்லிமலைக்குப் புறப்பட்டது. நான், என் மனைவி, இரு குழந்தைகள், என் தாயார் என ஐந்து பேர். விடுதியில் தங்காமல், ஒரு காப்பித் தோட்டத்தில் கூடாரம் அடித்து, நாமே சமைத்து, இரண்டு இரவு தங்குவது என்று திட்டம். எங்களிடம் இருந்ததோ ஒரு சிறிய கார். டிக்கியில் அடங்காத மூட்டைகளையெல்லாம் கூரைமேல் கேரியரில் ஏற்றிக் கட்டினோம்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கார் முனகிக்கொண்டே ஏறிவிட்டது. தொல்லை இறங்கும்போதுதான் வந்தது. பாதி மலை இறங்கியதும் கருகிய நாற்றம் அடித்தது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி பஞ்சுபோல் உள்ளே இறங்கியது. கைப்பிரேக்கையும் சேர்த்து இழுத்து, எப்படியோ ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார்.

“ஏறும்போது எந்த கியர்ல ஏறினீங்க சார்?”

“ரெண்டாவதுல.”

“இறங்கும்போது?”

“நாலாவதுல.”

“அதான். ஏறின கியர்லயே இறங்கணும் சார். மலைக்கு அதுதான் கணக்கு.”

கல்லூரியில் ஆற்றல் அழியாமை விதியைக் கற்பிப்பவன் நான். அந்த விதியைச் சாலையில் எனக்குக் கற்பித்தவர் அவர். வண்டி ஆறும்வரை காத்திருந்த ஒரு மணி நேரத்தில், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். குடும்பத்தோடு கூடாரப் பயணம் போக எந்த வண்டி ஏற்றது என்று யாராவது கேட்டால், இன்றும் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

எடை எவ்வளவு?

முதலில் வேண்டுவது ஒரு தராசு. எங்கள் ஐவரின் எடை 240 கிலோகிராம். இனி, சாமான்கள்: கூடாரம் 15, படுக்கைகள் 20, தண்ணீர் 40, அடுப்பும் சிறு சிலிண்டரும் 20, பாத்திரங்களும் அரிசி பருப்பும் 25, துணிமணிகள் 20. ஆக 140 கிலோகிராம். ஆட்களையும் சேர்த்தால் 380.

எந்த வண்டிக்கும் இரண்டு எடைகள் உண்டு. ஒன்று, வெற்று வண்டியின் எடை. மற்றொன்று, சுமையோடு சேர்த்து அது தாங்கக்கூடிய மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நாம் ஏற்றக்கூடிய சுமை. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் இது 400 முதல் 500 கிலோகிராம் வரை இருக்கிறது. ஆகவே, எங்கள் 380 கிலோகிராம் எல்லைக்கு உட்பட்டதே. பின் குறை எங்கே? எடை தாங்கும், இடம்தான் போதாது. இடம் போதாததால் மூட்டைகள் கூரைக்கு ஏறுகின்றன. அங்கேதான் முதல் தவறு நிகழ்கிறது.

சுமை எங்கே?

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம் என்பதும், அப்புள்ளியே ஈர்ப்பு மையம் என்பதும் பள்ளியில் படித்தவை. அது தாழ்ந்திருந்தால் பொருள் உறுதியாக நிற்கும். உயர்ந்தால் எளிதில் கவிழும். அகன்ற உருளியையும் உயரமான செம்பையும் ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், விளங்கும்.

வண்டிகளுக்கு இதை ஓர் எண்ணால் குறிக்கலாம். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் பெரிதானால் வண்டி உறுதியானது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 முதல் இந்த எண்ணைக் கொண்டு வண்டிகளின் கவிழும் இயல்பை மதிப்பிட்டு வெளியிடுகிறது. கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை, உயரமான ஜீப் வகைகளுக்கும் வேன்களுக்கும் 1.0 முதல் 1.3 வரை.

எங்கள் கணக்கைப் பார்ப்போம். காரின் எடை 850 கிலோகிராம், ஈர்ப்பு மையத்தின் உயரம் 53 செ.மீ., சக்கர இடைவெளி 140 செ.மீ. எனக் கொள்வோம். வெற்றுக் காருக்கு அந்த எண் 1.32. இருக்கைகளில் ஐவர் அமர்ந்து, 140 கிலோகிராம் சாமானும் தரைமட்டத்தில் இருந்தால், மையம் 56 செ.மீ. உயரத்தில் நிற்கும், எண் 1.25. அதே சாமான் முழுவதும் கூரைமேல் போனால், மையம் 70 செ.மீ.க்கு ஏறிவிடும், எண் 1.0!

ஒரு கிலோகிராம்கூடக் கூடவில்லை. சுமையின் இடம் மட்டுமே மாறியது. ஆனால், தாழ்ந்த உறுதியான கார், உயரமான வேனைப் போல ஆடும் வண்டியாகிவிட்டது. வளைவில் திரும்பும்போது சாலையோரக் கல்லிலோ பள்ளத்திலோ சக்கரம் இடித்தால், இந்த வேறுபாடே உயிரைக் காக்கும் அல்லது வாங்கும். சிறு கார்களின் கையேடுகள் கூரைச் சுமையைப் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோகிராமுக்குள் நிறுத்துவது வீண் எச்சரிக்கை அன்று.

சுமையைத் தாழ்வாக, அச்சுகளுக்கு நடுவே வைக்க வேண்டும் என்ற கருத்துக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1947-இல் டச்சு வணிகர் பென் பான் ஒரு தாளில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன். அதன் உற்பத்தி 1950-இல் தொடங்கியது. ஓட்டுநர் முன்கோடியில், எஞ்சின் பின்கோடியில், சுமை நடுவில். ஆதலால், காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் இரு அச்சுகளும் எடையைச் சீராகப் பகிர்ந்துகொண்டன. 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அந்த வேனுக்குள் படுக்கை, அலமாரி முதலியவற்றைப் பொருத்தித் தந்தது. குடும்பங்கள் அதையே வீடாகக் கொண்டு ஐரோப்பாவைச் சுற்றின. அதன் எஞ்சினின் திறன் எவ்வளவு தெரியுமா? வெறும் 25 குதிரைத்திறன்!

ஏறுவதற்கு எவ்வளவு திறன்?

25 குதிரைத்திறன் போதுமா என்று வியப்பு எழலாம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மலைச்சாலையில், 1,230 கிலோகிராம் எடையுள்ள எங்கள் கார் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது என்போம். புவியீர்ப்பை எதிர்த்து ஏற 8 கிலோவாட் திறன் வேண்டும். சாலை, காற்று இவற்றின் தடைக்கு இன்னும் 2 கிலோவாட் சேர்த்தால் 10; அதாவது, ஏறத்தாழ 13 குதிரைத்திறன். இன்றைய சிறு கார்களே 60 குதிரைத்திறனுக்கு மேல் தருகின்றன. ஆகவே, மலையேற்றத்துக்கென்று பெரிய எஞ்சினைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இறங்கும்போது என்ன ஆகிறது?

கொல்லிமலையின் மேட்டுநிலம் அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறும்போது எஞ்சின் செலவிட்ட ஆற்றல், நிலையாற்றலாக வண்டியில் சேர்ந்து நிற்கிறது. எங்கள் காருக்கு அது 1.2 கோடி ஜூல். 41 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும்!

வேகம் கூடாமல் அடிவாரம் சேர வேண்டுமானால், இந்த ஆற்றல் முழுவதும் வேறு வடிவில் வெளியேற வேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பினால், அதன் பெரும்பகுதி பிரேக்கின் இரும்பில் வெப்பமாகச் சேரும். நான்கு சக்கரங்களின் பிரேக்கு இரும்பும் சேர்ந்து 30 கிலோகிராம் என்றும், வெப்பம் காற்றுக்குப் போகவில்லை என்றும் கொண்டால், வெப்பநிலை 870 டிகிரி செல்சியஸ் உயரும். இரும்பு சிவந்துவிடும்! காற்று குளிர்விப்பதால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆனால், அவ்வளவு ஏற வேண்டியதும் இல்லை. பிரேக்குக் குழாய்களிலுள்ள திரவம் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. டாட் 3 என்னும் வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறியபின் 140 டிகிரி தாங்கினால் போதும். கொதித்தால் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். நாம் மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போகாமல் குமிழிகளைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. என் காலடியில் மிதி பஞ்சானது இதனால்தான்.

தாழ்ந்த கியரில் இறங்கினால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டதால், எஞ்சின் இப்போது ஆற்றல் தருவதில்லை. காற்றை இழுத்துத் தள்ளுவதிலும் உராய்விலும் ஆற்றலை விழுங்குகிறது. அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. பிரேக்கு வளைவுகளுக்கு மட்டும் பயன்பட்டு, ஆறியே இருக்கிறது. லாரி ஓட்டுநரின் “கணக்கு” இதுதான்.

மின்சாரக் கார் வைத்திருப்போருக்கு ஒரு சொல். இறங்கும்போது அதன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, இந்த 1.2 கோடி ஜூலில், அதாவது 3.3 யூனிட்டில், ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பித் தரும். ஆனால், மலைமேல் மின்கலத்தை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. பிரேக்கே சுமக்க வேண்டிவரும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வண்டி பார்க்கப் போகுமுன் வீட்டிலேயே எடைக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நான்கு கேள்விகள் கேளுங்கள். நம் ஆட்களும் சாமானும் சேர்ந்த எடையைவிட வண்டி ஏற்கும் சுமை சற்றேனும் அதிகமா? சாமான் முழுவதும் கூரைக்குப் போகாமல், தரைமட்டத்தில் அடங்குமா? சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் தாழ்ந்த கியரை நாமே தேர்ந்து இறங்க வழியுண்டா? முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்றழுத்தம் என்று கதவோரத்தில் ஒட்டியிருக்கிறதா? எஞ்சினின் குதிரைத்திறன் இவற்றுக்கெல்லாம் பின்னால் வரட்டும்.

எங்களைப் போன்ற ஐவருக்கு, மூன்று வரிசை இருக்கையுள்ள வண்டியில் கடைசி வரிசையை மடித்துச் சாமான் வைப்பது நல்ல ஏற்பாடு. ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்கள் அதை வாங்கவும் வேண்டாம். வாடகைக்கு எடுத்தால் போதும். அதைவிட மலிவான வழியும் ஒன்று உண்டு. போகுமிடத்தில் தண்ணீர் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்குமென்றால் 40 கிலோகிராம் அப்போதே குறைந்துவிடும்.

மறு ஆண்டு நாங்கள் மீண்டும் கொல்லிமலைக்குப் போனோம். அதே கார்தான். தண்ணீர்க் கேன்களும் பாதித் துணிமணிகளும் வீட்டிலேயே தங்கின. கூரை காலியாக இருந்தது. பிரேக்குத் திரவத்தைப் புதிதாக மாற்றியிருந்தேன். இரண்டாவது கியரில் ஏறி, இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். எஞ்சின் உரக்கக் கத்திக்கொண்டே வந்தது. “வண்டிக்கு ஏதாவது ஆயிடுச்சாப்பா?” என்று பின்னிருக்கையிலிருந்து அம்மா கேட்டார்.

“இல்லம்மா, இப்பத்தான் அது சரியா வேலை செய்யுது” என்றேன்.