சர்ப்பகந்தி வேரும் மூளையின் இரசாயனமும்

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், ஹவுராவைச் சேர்ந்த சிவபூரில், 1787-ஆம் ஆண்டு கர்னல் ராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் தோன்றிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அங்குள்ள பெரிய ஆலமரத்தைக் காண வருவோர் பலர். அத்தோட்டத்தின் உலர்தாவரச் சேகரத்தைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பராமரித்து வந்த சல்பிஸ் கூர்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயர், ஒரு சிறு செடியின் விஞ்ஞானப் பெயரோடு இன்றளவும் சேர்த்து எழுதப்படுகிறது. அச்செடியே சர்ப்பகந்தி. லின்னேயஸ் அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். 'ராவுல்ஃபியா செர்ப்பென்டினா' என்று இன்று வழங்கும் பெயர் 1877-இல் வெளியான கூர்ஸின் பர்மா வனத்தாவர நூலின் வாயிலாக நிலைபெற்றது. ராவுல்ஃப் என்பவர் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெர்மானிய வைத்தியர். அவர் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர் என்பது இதில் ஒரு வேடிக்கை.

தாவர நூலோர் பெயரைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலும் பீகார், வங்காள நாட்டுப்புறங்களில் இச்செடியின் வேர் நாள்தோறும் பயன்பட்டு வந்தது. பாம்புக் கடிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்தார்கள்; ஓயாது அழும் குழந்தையை உறங்க வைக்கவும் கொடுத்தார்கள். 'பாகல் கி தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து, என்றே பீகாரில் அதற்குப் பெயர். இந்த வழக்கத்தை முறையான மருத்துவ ஆராய்ச்சிக்கு உட்படுத்தியவர்கள் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர். 1931-இல் 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு' பத்திரிகையில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் வீதம் நாளைக்கு இருமுறை கொடுத்ததில் நோயாளிகள் நன்கு உறங்கினர் என்றும், மூர்க்கம் தணிந்தது என்றும், இரத்த அழுத்தமும் இறங்கிற்று என்றும் தெரிவித்தது. அதே ஆண்டில் டில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசேன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டனர். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ராவும் அவருடன் பணியாற்றியோரும் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள்.

ஆயினும் மேனாட்டார் கவனம் இதன்பால் திரும்புவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1949-இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்தம் மிகுந்த 50 நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்ஸர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சீபா நிறுவனத்தார் வேரின் முக்கிய சத்தைப் பிரித்து 'ரெஸர்பின்' எனப் பெயரிட்டனர். 1954-இல் நியூயார்க் மாநில மனநோய் மருத்துவமனை ஒன்றில் நேதன் கிளைன் அதைக் கொடுத்துப் பார்த்து நற்பலன் கண்டார். எனினும், ஏறத்தாழ அதே காலத்தில் வெளிவந்த குளோர்ப்புரோமசின் என்னும் மருந்து விரைவாகவும் நிலையாகவும் பலன் தந்ததால், மனநோய்ச் சிகிச்சையில் ரெஸர்பினின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

மருந்து என்ற முறையில் அது பின்தங்கினும், ஆராய்ச்சிக் கருவி என்ற முறையில் அதன் பணி அப்பொழுதுதான் தொடங்கிற்று. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரோட்டோனின், டோபமின் முதலிய இரசாயனங்கள், அணுவினுள் மிகச் சிறிய பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ரெஸர்பின் அப்பைகளின் வாயிலை அடைத்துவிடுகிறது. உள்ளே புக முடியாத சரக்கு வெளியே சிதைந்து போகிறது. 1955-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் புரோடியின் ஆய்வகத்தார் இம்மருந்தால் செரோட்டோனின் வெகுவாகக் குறைவதைக் கண்டனர். 1957-இல் ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்சன், ரெஸர்பின் கொடுத்ததால் காது தொங்கி அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபாவைச் செலுத்தினார். டோபா என்பது டோபமினாக மாறவல்ல பொருள். முயல்கள் எழுந்து நடமாடின. நடுக்குவாத நோய்க்கு இன்று அளிக்கப்படும் சிகிச்சைக்கு இது அடிப்படையாயிற்று. கார்ல்சன் 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோரில் ஒருவர்.

இரத்த அழுத்தத்துக்காக ரெஸர்பின் உண்டவர்களில் சிலர் மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்ற செய்தியும் அந்நாட்களில் வெளிவந்தது. இதிலிருந்து, மூளையில் மேற்கூறிய இரசாயனங்கள் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கருத்து பிறந்து நூல்களில் இடம் பெற்றது. ஆனால் 1955-இலேயே லண்டனில் டேவிஸ், ஷெப்பர்டு என்ற இருவர் ஒழுங்கான ஒப்புச் சோதனை நடத்தி, கவலையும் சோர்வும் உற்ற நோயாளிகளுக்கு ரெஸர்பின் நன்மையே செய்ததாக வெளியிட்டிருந்தனர். அச்சோதனை பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. எளிதில் விளங்கும் கருத்து ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு மாறான சான்றைப் பார்க்க மனம் ஒருப்படுவதில்லை. விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர்.

பைக்கு வெளியே சிதையும் டோபமின் என்னவாகிறது? அணுவிலுள்ள ஒரு நொதி அதைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. புண்களைக் கழுவப் பயன்படும் அதே பொருள்தான். சிறிதளவாயின் குளூட்டாதயோன் முதலிய காப்புப் பொருள்கள் அதைச் செயலறச் செய்துவிடும். மிகுந்தால் அணுவின் கொழுப்புச் சவ்வு, இரும்பில் துரு ஏறுவதுபோல், கெட்டுப்போகிறது. இதனை ஆக்ஸிகர அழுத்தம் என்பர். உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, உடல் ஏற்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதில் எளிதில் ஆக்ஸிகரணமாகும் கொழுப்பும் மிகுதி. ஆதலால் இத்தீங்குக்கு அது பெரிதும் இலக்காகிறது.

ரெஸர்பின் செலுத்தப்பட்ட எலிகள், தீனி இல்லாமலே வாயை அசைபோட்டுக் கொண்டிருக்கும், நாக்கை நீட்டும். அவற்றின் மூளையில் குளூட்டாதயோன் குறைந்தும் கெட்டுப்போன கொழுப்பு மிகுந்தும் காணப்படுகின்றன. சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் எஸ். கே. குல்கர்னி குழுவினர், வெங்காயம் முதலியவற்றிலுள்ள குவர்செட்டின் என்னும் பொருள் எலிகளின் இக்கோளாற்றைக் குறைப்பதாக 2004-இல் தெரிவித்தனர். எலிக்குக் கண்டது மனிதனுக்கும் ஆகும் என்று இதிலிருந்து முடிவு செய்தல் கூடாது.

ஆக்ஸிகர அழுத்தத்துக்கு ஒரு துணை உண்டு, அதுவே அழற்சி. நோய்க்கிருமி புகுந்தால் உடலின் காவலணுக்கள் சைட்டோகைன் எனப்படும் தூதுப் பொருள்களை வெளியிடுகின்றன. காய்ச்சலில் படுத்தவனுக்கு உணவில் விருப்பமின்மை, பேச மனமின்மை, சோர்வு ஆகியவை நேர்வது இவற்றால்தான். மூளையிலும் இத்தகைய காவலணுக்கள் உள்ளன. அவை கிளர்ச்சியுற்றால் ஆக்ஸிகர அழுத்தம் மிகுகிறது. அது மிகுந்தால் கிளர்ச்சியும் மிகுகிறது. அத்துடன், செரோட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபனை வேறு வழியில் திருப்பிவிடும் நொதி ஒன்றையும் அழற்சி தூண்டுகிறது. ஆகவே பழைய கருத்தும் புதிய கருத்தும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.

இது மனிதரிடம் புலனான விதம் துயரம் கலந்தது. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற சைட்டோகைனையே மருந்தாகப் பெற்ற ஈரல் நோயாளிகளும் புற்றுநோயாளிகளும் பலர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாயினர். 2001-இல் அமெரிக்காவில், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்காக அம்மருந்தைப் பெறவிருந்த 40 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. மனச்சோர்வு மருந்தை முன்கூட்டியே பெற்றோரில் நூற்றுக்கு 11 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு 45 பேருக்கும் சோர்வு கண்டது. அழற்சியை அடக்கினால் சோர்வு தீருமா என்று 2013-இல் வேறொரு குழுவினர் 60 பேரிடம் சோதித்தனர். மொத்தத்தில் பலனில்லை, ஆனால் இரத்தத்தில் அழற்சி அடையாளம் தொடக்கத்திலேயே மிகுந்திருந்தவர்கள் ஓரளவு தேறினர். எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவதன்று, சிலருடையது அப்படி இருக்கக்கூடும் என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் பெர்க் குழுவினர், குளூட்டாதயோனைப் பெருக்கும் அசிட்டைல்சிஸ்டைனை மனச்சிதைவு நோயாளிகள் 140 பேரிடம் சோதித்து, மிதமான பலனை 2008-இல் வெளியிட்டனர். சளியை இளக்க உதவும் பழைய மருந்துதான் அது.

கிராமங்களில் பணிபுரிவோர் இச்செய்தியை எடுத்துச் சொல்லும்போது இரண்டைக் கவனத்திற் கொள்ளல் நலம். ஆக்ஸிகரண எதிர்ப்பு என்ற பெயரில் விற்கப்படும் சத்து மாத்திரைகள் மனநோயைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு அவற்றை நாடுவது அபாயம். சர்ப்பகந்தி வேரைத் தாமே இடித்து உண்பதும் அவ்வாறே: இரத்த அழுத்தம் மிகத் தாழலாம், இதயத் துடிப்பு மந்தமாகலாம்.

வேருக்காகத் தோண்டினால் செடியே போய்விடுகிறது. உலகச் சந்தை திறந்த பின் காடுகளில் அது அருகிற்று. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சர்ப்பகந்தி 1990-இல் சேர்க்கப்பட்டது.