நாட்குறிப்பேடு: தேர்தலும் தமதாக்கலும்

மதுரை மாநகரின் வீதிகள் திங்களின் பெயர் தாங்கியவை. திருக்கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்குப் புறத்தே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என அவை அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. எவ்விழா எத்திங்களில் என்பதை ஊரே தன் மேனியில் எழுதி வைத்துக்கொண்டதோ என எண்ணத் தோன்றும். ஆயினும் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். மாசியில் நிகழ்ந்த தேர்விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பர். நாள் மாறிற்று, எழுதிய பெயர் மாறவில்லை. ஆண்டுதோறும் புதிய ஏடு வாங்கி நாள்களைப் புதிதாய் எழுதிக்கொள்ளும் வாய்ப்பு வீதிகளுக்கு இல்லை, நமக்கு உண்டு. அவ்வேட்டைத் தேர்வது எங்ஙனம், தமதாக்கிக் கொள்வது எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

‘டைரி’ என்னும் ஒரே சொல்லால் நாம் இருவகை ஏடுகளைச் சுட்டுகிறோம். நடந்ததை எழுதி வைப்பது ஒன்று. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது அவ்வகையினது. நடக்கவேண்டியதை முன்னரே குறித்து வைப்பது மற்றொன்று. இலண்டன் மாநகரில் ஜான் லெட்ஸ் என்னும் எழுதுபொருள் வணிகர் 1812இல் வரும் ஆண்டின் நாள்களை அச்சிட்ட குறிப்பேட்டை விற்பனைக்குக் கொணர்ந்தார். நாம் பேசப்புகுவது இவ்வகை ஏட்டைப் பற்றியே. எனினும் பிள்ளையவர்களிடம் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அவர் தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதினார். இரண்டு ஆண்டுமுறைகளுக்கு நடுவே வாழ்ந்தவருக்கு ஒரு தேதி போதவில்லை. நமக்கும் போதாது.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் மேலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரினர். தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தவர். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளைப் பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சீட்டுத் தொலையவில்லை, நாளும் மறக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு வருமானச் சான்று இணைக்கவேண்டும் என்பதும், அது கைக்கு வரப் பல நாள் ஆகும் என்பதும் அந்தச் சீட்டில் இல்லை. கடைசி நாளன்று அவர் வெறுங்கையோடு வந்து நின்றார். அவ்வாண்டு உதவித்தொகை கிட்டவில்லை. மாலை வேளைகளில் ஜவுளிக்கடை ஒன்றில் துணி மடித்துக் கட்டணத்தைத் தவணையாய்க் கட்டினார். கடைசி நாளைக் கரும்பலகையில் எழுதியதோடு நம் கடமை முடிந்ததெனக் கருதிய நாமும் அதற்குப் பொறுப்பாளிகளே.

இனி, ஏட்டைத் தேரும் முறையைக் காண்போம். நம் ஊரில் பெரும்பாலோர் டைரியைத் தேர்வதே இல்லை. அது வந்து சேர்கிறது. வங்கியிலிருந்து ஒன்று, மருந்து நிறுவனப் பிரதிநிதி தந்தது ஒன்று, பழகிய கடைக்காரர் அன்பளிப்பு ஒன்று. அட்டையில் பொன்னெழுத்து மின்னும். மார்ச்சுத் திங்களில் பார்த்தால், அதில் வீட்டுப் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருப்பர். இலவசமாய் வந்தது என்பதற்காக ஓர் ஏட்டை ஆண்டு முழுதும் சுமக்கவேண்டியதில்லை.

முதலிற் பார்க்கவேண்டியது அளவு. ‘ஏ5’ எனப்படும் 148க்கு 210 மில்லிமீட்டர் ஏடு மேசைக்கும் தோள்பைக்கும் ஏற்றது. அதில் பாதியான ‘ஏ6’ சட்டைப்பையில் அடங்கும். மாட்டுத்தாவணிக்கும் பெரியாருக்கும் நெரிசலில் நின்றபடி செல்வோர்க்குச் சிறியதே நன்று; வீட்டில் விட்டுவந்த பெரிய ஏட்டால் பயனில்லை. அடுத்தது கட்டு. நடுப்பக்கத்தைத் திறந்து மேசைமீது வைத்தால் தானே விரிந்து கிடக்கவேண்டும். நூலால் தைத்த கட்டு அவ்வாறு கிடக்கும். முதுகில் பசை மட்டும் இட்ட கட்டு மூடிக்கொள்ளும். அழுத்தித் திறந்தால் தாள் கழலும். மைப்பேனா பயன்படுத்துவோர் கடைசித் தாளில் ஒரு சொல் எழுதிப் பின்புறம் மை ஊறுகிறதா என நோக்குக. கடைக்காரர் முகம் சற்றுச் சுளிப்பார், பொறுத்துக்கொள்ளலாம்.

யாவரும் கவனியாத குறை ஒன்று உண்டு. அச்சிட்ட ஏடுகள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப்பக்கமே கிடைக்கும். அலுவலகம் செல்வோர்க்கு அது தகும். ஆனால் ஊருக்குச் சென்று வீட்டு வேலைகளையும் வயல் வேலைகளையும் முடித்துத் திரும்பும் மாணவர்க்கு ஞாயிறே வேலை மிகுந்த நாள். ஆகவே ஏழு நாள்களுக்கும் ஒத்த இடம் தரும் ஏட்டையே கொள்க.

இவற்றினும் பெரிய இடர், அச்சிட்ட ஏடு சனவரி முதல் நாளில் தொடங்குவது. நம் வாழ்வில் எத்துணை ஆண்டுகள் ஓடுகின்றன! கல்லூரிக்கு ஆண்டு சூன் திங்களில் பிறக்கிறது. வரவு செலவுக்கு ஏப்ரல் முதல் நாளில். தமிழக அரசு 1971 முதல் தன் நாட்குறிப்பிலும், 1972 முதல் அரசிதழிலும் சேர்த்த திருவள்ளுவர் ஆண்டு தைத் திங்களில் தொடங்குகிறது. கிறித்துவ ஆண்டோடு 31 கூட்டினால் அது கிடைக்கும். சித்திரையில் பிறக்கும் ஆண்டும் உண்டு. இவை யாவும் ஞாயிற்றைப் பின்பற்றுவன. ஹிஜ்ரி ஆண்டோ பிறையைப் பின்பற்றுவது. 354 அல்லது 355 நாள் கொண்டது. எனவே ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னேறி வரும். நோன்புப் பெருநாள் தமிழகத்தில் 2024இல் ஏப்ரல் 11. 2025இல் மார்ச்சு 31. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளோ 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. ஒன்று முன்னே வந்தது. மற்றொன்று பின்னே சென்றது. இவ்விரு நாள்களையும் அறியாமல் மதுரையில் கடை திறப்பதும் பயணம் வகுப்பதும் இயலாது.

சிவகாசி அச்சகத்தார் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டின் மாதிரி நாட்காட்டிகளை வெளியிடும் வழக்கமுடையவர். ஆகஸ்டுத் தொடக்கத்தில் அச்சேறியவற்றில் காணும் ஹிஜ்ரி நாள்கள் கணித்துப் போட்டவையே. தலைமைக் காஜி பிறை கண்டதாய் அறிவித்த பின்னரே நாள் உறுதியாகும். ஆகலின் அந்நாள்களைப் பென்சிலால் எழுதுக. அறிவிப்பு வந்ததும் மையால் எழுதுக. வைகை அணையிலிருந்து பாசனத்திற்கு நீர் திறக்கும் நாளும் அத்தகையதே. அணையின் இருப்பைப் பொறுத்து அரசு அறிவிப்பதாகலின், உழவர் வீட்டுப் பிள்ளைகள் அதையும் பென்சிலாலேயே குறிக்கவேண்டும். நாற்று நடவில் கைகொடுக்கும் வாரமும் உள்தேர்வு வாரமும் ஒன்றாகுமா என்பதை முன்னரே அறிந்துகொள்ளலாம்.

தமதாக்கல் என்பது வண்ணத்தாள் ஒட்டுவதன்று. அதுவும் அழகுதான், வேண்டாமெனச் சொல்லோம். கடைசி நாளை எழுதிய கையோடு, அதற்கு முன் நடக்கவேண்டியவற்றைப் பின்னோக்கி எண்ணி அவ்வந்நாளின் பக்கத்தில் எழுதுதலே அதன் உயிர்நிலை. விண்ணப்பம் முப்பதாம் நாள் எனின், சான்றுக்கு மனுச் செய்வது எட்டாம் நாள். படிகள் எடுப்பது இருபத்தைந்தாம் நாள். கையொப்பம் பெறுவது இருபத்தேழாம் நாள். இ-சேவை மையம் வந்த பின்னும் சான்று மறுநாளே கிட்டிவிடும் என எண்ணுதல் ஆகாது.

குறியீடுகள் தேடி வேறெங்கும் செல்லவேண்டியதில்லை. நம் கணக்கர்கள் நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ எனச் சுருக்கக் குறிகளை வழங்கிவந்தனர். சிறிய கட்டத்தில் இவை மிக்க இடத்தை மிச்சப்படுத்தும். பின்பக்கங்கள் சிலவற்றைக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒதுக்குக. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைத்தல் பற்றியதே. விடுதி நண்பரிடம் வாங்கிய ஐம்பது ரூபாயும் கடன்தான்.

கைப்பேசி இருக்க இவை எற்றுக்கு என்பார் உளர். அது வேளை தவறாமல் மணியடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மணி அடித்து ஓய்ந்தபின் அந்த வாரம் முழுவதையும் ஒருசேரக் காட்ட அந்தச் சிறு திரைக்கு இடம் போதாது. இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மேற்சொன்ன மாணவர் டைரி வாங்கவில்லை. அடுத்த சூனில் 192 பக்க நீள நோட்டு ஒன்றை வாங்கினார். வாரத்திற்கு இரு பக்கம். இடப்பக்கத்தில் ஏழு கட்டங்கள், வலப்பக்கம் செய்யவேண்டியவற்றுக்கு வெறுமையாய். கல்வியாண்டின் 48 வாரங்களுக்கு 96 பக்கம் போக, எஞ்சியவை கணக்குக்கும் பாடக்குறிப்புக்கும் ஆயின. அடிக்கோலால் அவரே கோடிட்டார். கோடுகள் சில இடங்களில் கோணியிருந்தன. அவ்வாண்டு உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. படிப்பு முடியும் தறுவாயில் நோட்டை நம்மிடம் காட்டினார். ஏப்ரல் இறுதி வாரத்தில், தேர்வு நாள்களுக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி இருந்தது: புது நோட்டு வாங்கவேண்டும், தங்கைக்கும் ஒன்று.