பழைய மோட்டார்க் காரின் தீமூட்டலும் மந்த ஓட்டமும்

பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று சந்தியிலே தரிக்கும்பொழுது அதன் எஞ்சின் நடுங்குகின்றது; சில வேளைகளில் அணைந்தும் விடுகின்றது. காருக்குரியவர் மூடியைத் திறந்து, காபரேற்றரின் பக்கத்திலுள்ள திருகாணியைச் சிறிது முறுக்கி, ஓட்டத்தை விரைவாக்கிவிடுகின்றார். நடுக்கம் நின்றுவிடுகின்றது, குறையும் தீர்ந்ததென்று அவர் கருதுகின்றார். ஆனால், தீர்ந்தது நோயன்று. அதன் அடையாளம் மாத்திரமே மறைந்தது. சில மாதங்களில் பெற்றோல் செலவு கூடுகின்றது. கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களிலே நீர் கொதிக்கின்றது. பழைய எஞ்சின்கள் பல கெடுவது முதுமையினால் அன்று. பின்னர் செய்யவேண்டியதை முன்னர் செய்வதினாலேயே ஆகும்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1956 முதல் அதன் ‘1000’ என்னும் வகையில் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்ற இவ்வகைக் கார்களில் கணினி எதுவும் இல்லை. எப்பொழுது தீப்பொறி எழவேண்டும், எவ்வளவு பெற்றோல் செல்லவேண்டும் என்பவற்றை ஒரு மனிதனின் கையும் கண்ணும் காதுமே தீர்மானிக்கின்றன. அவ்வெஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை நோக்குவோமாயின், அக்காலத்து ஏனைய கார்களின் தன்மையும் விளங்கும்.

சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட பெற்றோல் ஆவியும் காற்றும் தீப்பொறி பட்டவுடன் ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கின் முனையிலே தொடங்கும் சுவாலை கலவை முழுவதும் பரவுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். அந்த நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு அளவிலானதே எனினும், எஞ்சினுக்கு அது பெரிது. நிமிடத்துக்கு 600 சுற்றுகள் ஓடும்பொழுது, ஆயிரத்திலொரு செக்கனில் அதன் தண்டு 3.6 பாகை திரும்புகின்றது. 3,000 சுற்றுகளில் அதே நேரத்தில் 18 பாகை திரும்பிவிடுகின்றது. ஆகவே, பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி எழுதல் வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முந்தி எழவேண்டும். வேகத்துக்கேற்ப முந்தச் செய்யும் வேலையை டிஸ்ரிபியூட்டருக்குள் சுழலும் சிறு எடைகள் செய்துகொள்ளும். அவை எந்த இடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பதை மாத்திரம் மனிதன் நிறுவிக் கொடுக்கவேண்டும். அதுவே டைமிங் வைத்தல் எனப்படுவது.

பொறியை எழுப்புவது டிஸ்ரிபியூட்டரிலுள்ள இரு தொடுமுனைகள். கராச்சிலே இவற்றைப் ‘பொயின்ற்’ என்பர். அவை பிரியும் கணத்திலேயே பொறி பிறக்கின்றது. அவற்றைப் பிரிக்கின்ற சிறு குதி நாளடைவில் தேய்கின்றது. குதி தேயத்தேய இடைவெளி குறுகும், முனைகள் பிந்திப் பிரியும், பொறியும் பிந்தும். பொறி பிந்தினால் மந்த ஓட்டம் தளரும். எரிந்துகொண்டிருக்கும் வாயுவே வெளியேறி எக்சோஸ்ற் வால்வைச் சூடாக்கும். இந்த நிலையில் காபரேற்றர்த் திருகாணியை முறுக்குவது, காய்ச்சற்காரனைப் போர்வையால் மூடி நலமானான் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆதலால், முதலிலே எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது வால்வு இடைவெளியைப் பார்த்தல் வேண்டும். 948 எஞ்சினுக்கு அது 0.012 அங்குலம். இரண்டாவதாகப் பிளக்குகளைச் சுத்தஞ் செய்து, இடைவெளியை 0.025 அங்குலமாக வைக்கவேண்டும். மூன்றாவதாகப் பொயின்ற் நன்கு விரிந்திருக்கும் நிலையில் இடைவெளியை 0.015 அங்குலமாக அமைக்கவேண்டும். இவ்விடைவெளி மாறினால் டைமிங்கும் மாறுமாதலால், இதனை முடிக்காமல் டைமிங்கைத் தொடுதல் வீண் வேலையாகும்.

டைமிங் வைப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 12 வோல்ற் பல்பு ஒன்றும் இரண்டு வயர்த் துண்டுகளும் போதும். முதலாம் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் அமுக்கக் கட்டத்துக்கு எஞ்சினைக் கையால் முன்னோக்கித் திருப்பவேண்டும். முன்பக்கக் கப்பியிலுள்ள வெட்டு, அதன் அருகே நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று முனைகளை நெருங்கும். அவற்றில் நீண்டது பிஸ்டன் உச்சியையும், நடுவிலுள்ளது உச்சிக்கு 5 பாகை முந்திய நிலையையும், குறுகியது 10 பாகை முந்திய நிலையையும் காட்டும். 8.3க்கு 1 என்னும் அமுக்க விகிதமுடைய 948 எஞ்சினுக்கு நடுமுனையே உரியது. டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள மெல்லிய வயரின் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையிலே பல்பை இணைத்து, சாவியைத் திறக்கவேண்டும். டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, உள்ளே சுழலும் கை திரும்பும் திசைக்கு எதிராக அதன் உடலை மெல்லத் திருப்பினால், பொயின்ற் பிரியும் கணத்தில் பல்பு ஒளிரும். அந்த இடத்திலேயே பிடியை இறுக்கிவிடவேண்டும். பின்னர் நுண்ணிய திருத்தம் செய்வதற்கு லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரில் சிறு உருளைத் திருகு ஒன்றுண்டு. ‘ஏ’ எழுத்தின் பக்கம் திருப்பினால் பொறி முந்தும். ‘ஆர்’ எழுத்தின் பக்கம் திருப்பினால் பிந்தும்.

இவை முடிந்தபின்னரே காபரேற்றரின் முறை வருகின்றது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருத்தல் வேண்டும். வண்டி திறந்த வெளியிலே நிற்கவும் வேண்டும். அடைத்த கராச்சில் ஓடும் எஞ்சினின் புகையிலுள்ள காபன் மொனொக்சைட், மணமின்றியே உயிரைக் கவரவல்லது. எஸ்.யூ. காபரேற்றரின் அடியிலுள்ள நட்டை மேலேற்றினால் பெற்றோல் குறையும், கீழிறக்கினால் கூடும். காபரேற்றருக்குள்ளே இருக்கும் பிஸ்டனை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் உயர்த்தி, எஞ்சினின் ஒலியைக் கேட்கவேண்டும். வேகம் கூடி அவ்வாறே நின்றால் கலவையில் பெற்றோல் மிகுதி. உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் குறைவு. கணநேரம் சிறிது கூடிப் பின் பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. இறுதியாகத்தான், முதலிலே பலரும் கைவைக்கும் அந்தத் திருகாணியைத் தொடவேண்டும். நிமிடத்துக்கு 500 முதல் 600 சுற்றுகள் வரையில் எஞ்சின் நடுங்காது ஓடுமாயின், முன்னைய வேலைகள் யாவும் ஒழுங்காக நடைபெற்றன என்பதற்கு அதுவே சாட்சி.

டைமிங்குக்குரிய எண் எக்காலத்துக்கும் எந்த எரிபொருளுக்கும் ஒன்றே என்று கொள்ளலாகாது. 1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றபொழுது, அங்கிருந்த பழைய ஆங்கிலக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறிதளவு பெற்றோலை ஊற்றி எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவாதலால், முந்திய பொறியை அது தாங்காது, எஞ்சின் தட்டும். பொறியைப் பிந்தவைத்தே அதனை ஓட்டவேண்டும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்ததும் உண்டு. குறைந்த அமுக்கமும், கையால் மாற்றக்கூடிய தீமூட்டலும் உடைய பழைய கார்கள் அன்று நோயாளரையும் பயணிகளையும் சுமந்தன. பழமையே அவற்றின் பலமாயிற்று.

இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் விற்பனை 2002இல் நின்றது. ஈயமின்றி ஓடும் பழைய எஞ்சினில் எக்சோஸ்ற் வால்வின் இருக்கை விரைவில் தேயக்கூடும்; அதனால் வால்வு இடைவெளி குறுகும். முதற்படியாக அதனைப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். டைமிங்குக்கும் கடைசித் தீர்ப்பு வீதியிலேயே கிடைக்கும். மேல் கியரில் மணிக்கு 30 மைல் வேகத்திலிருந்து முழுவதும் அழுத்தும்பொழுது மெல்லிய தட்டோசை எழுந்து உடனே மறைந்தால் சரி. நீடித்தால் பொறியைச் சிறிது பிந்தவைத்தல் நலம்.

மிக முந்திய பொறி எஞ்சினை மாத்திரமன்றி, மனிதனையும் தாக்கும். முன்னாலிருந்து ஹாண்டிலைச் சுற்றும்பொழுது எஞ்சின் எதிர்த்திசையிலே உதைக்குமாயின் மணிக்கட்டு முறியும். பெருவிரலையும் ஏனைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, ஹாண்டிலைக் கீழிருந்து மேலே இழுத்துச் சுற்றவேண்டும் என்று மூத்த மெக்கானிக்குகள் கற்பிப்பது இதனாலேயாகும். வால்வு, பிளக்கு, பொயின்ற், டைமிங், காபரேற்றர் என்னும் வரிசையை மாற்றாது பேணுபவருக்கு, 60 ஆண்டு கடந்த எஞ்சினும் சந்தியிலே அமைதியாக நின்று, அழைத்தவுடன் புறப்படும்.