பி.கே. விற்ற சரக்கு

தேர்தல் நெருங்கினால் டீக்கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "இந்த ஐபேக் ஆளுங்க வந்து அப்படி என்னதான் சார் செய்றாங்க? ஓட்டு போடுறது நாம, ஓடியாடி வேலை பார்க்கிறது கட்சிக்காரன். நடுவுல இவங்களுக்கு எதுக்குக் கோடிக்கணக்குல பணம்?" நியாயமான கேள்விதான். டீயை வாங்கிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகவே பேசுவோம்.

ஐபேக் என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்குப் பின்னால் இருந்த பி.கே. என்கிற பிரசாந்த் கிஷோரையே எடுத்துக்கொள்வோம். 1977-ல் பிறந்தவர். பிகாரில் ரோத்தாஸ் மாவட்டம் பூர்விகம், வளர்ந்தது பக்சரில். அப்பா மருத்துவர். அரசியல் பக்கம் வருவதற்கு முன் ஐ.நா.வின் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் வேலை பார்த்தார், ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில்கூட இருந்தார். இந்தப் பகுதியைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கென்னவோ அவருடைய தொழிலின் வேர் அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. ஒரு மாவட்டத்தில் சத்துக்குறைவு அதிகம் என்றால் எந்த வட்டாரம், எந்தக் கிராமம், எந்த வயதுக் குழந்தை என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்பது சுகாதாரத் துறையின் பழக்கம். வாக்காளரையும் அப்படித்தான் பார்க்கிறார்கள் இந்த ஆலோசகர்கள்.

தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று தயாராகும். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கும். ரகசியமெல்லாம் இல்லை. ஆனால் 'போன தடவை இந்தத் தெருவுல ஏன் ஓட்டு குறைஞ்சுது?' என்று வட்டச் செயலாளரைக் கேட்டுப் பாருங்கள். 'கடைசி நேரத்துல பணம் விளையாடிடுச்சு தலைவரே' என்பார். தன் மேல் பழி வராத பதில்தான் தலைமைக்குப் போகும். கோஷ்டி இல்லாத, சீட் கேட்காத இளைஞர்கள் சிலர் லேப்டாப்போடு வந்து வீடு வீடாக விசாரித்து, 'உங்கள் வேட்பாளரை இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை' என்று தலைவரிடம் நேராகச் சொன்னால் அதற்கு ஒரு விலை உண்டு. வடிகட்டாத தகவல்தான் இவர்கள் விற்கும் முதல் சரக்கு. கோஷமும் பாட்டும் அதற்குப் பிறகுதான்.

2014-ல் மோடிக்காக 'சாய் பே சர்ச்சா', அதாவது டீக்கடைப் பேச்சு. (நாம் இங்கே காசு வாங்காமல் செய்வதுதான்!) அடுத்த ஆண்டே எதிர்முகாமில் நிதிஷ் குமாரோடு இருந்தார். நிதிஷின் டி.என்.ஏ.வைப் பற்றி மோடி சொன்ன ஒரு வார்த்தையை, பிகாரிகள் எல்லோருக்குமான அவமானமாக மாற்றியது அந்தப் பிரச்சாரம். ஜனங்கள் தலைமுடியையும் நகத்தையும் உறையில் போட்டு டெல்லிக்கு அனுப்பினார்கள். 243-ல் 178 இடங்கள் நிதிஷ் கூட்டணிக்கு.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் அவர் வேலை பார்த்த காங்கிரசுக்குப் பஞ்சாபில் 117-க்கு 77. அதே காங்கிரசுக்கு, அதே நேரத்தில், உத்தரப் பிரதேசத்தில் 403-க்கு 7. அங்கே ராகுல் கயிற்றுக்கட்டில் போட்டு நடத்திய கூட்டம் முடிந்ததும் ஜனங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஓட்டு வரவில்லை.

2020 பிப்ரவரியில் தி.மு.க.வோடு ஐபேக் கைகோத்தது. 'ஒன்றிணைவோம் வா', 'ஸ்டாலின்தான் வாராரு' எல்லாம் நினைவிருக்கும். இவற்றில் எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்'. 2021 ஜனவரியில் திருவண்ணாமலையில் தொடங்கியது. மனுவை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டி, நூறு நாளில் தீர்வு என்று உறுதி சொன்னார்கள். மனு கொடுத்தவர் ஓட்டுப்போடும் நாள் வரை அந்தக் கட்சியை மறக்க மாட்டார். ஜெயித்த பிறகு அதற்கென்று தனித் துறையே வந்தது. ஆனாலும் கல்யாணத்துக்கு வரும் சமையல்காரர் கைப்பக்குவத்தைத்தான் கொண்டு வருவார், அரிசியும் பருப்பும் வீட்டுக்காரருடையது. தெருத் தெருவாகக் கிளைச் செயலாளர் வைத்திருந்த கட்சி அது.

2021 மே 2 அன்று தமிழ்நாடு, வங்கம் இரண்டிலும் அவர் பக்கம் ஜெயித்தது. வங்கத்தில் பா.ஜ.க. இரட்டை இலக்கத்தைத் தாண்டாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். 77-ல் நின்றது. அன்றைக்கே இந்தத் தொழிலை விடுவதாக அறிவித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஊருக்குத் திரும்பினார். 2022 காந்தி ஜெயந்தியன்று, காந்தி 1917-ல் அவுரி விவசாயிகளுக்காக வந்திறங்கிய சம்பாரணில், பிதிஹர்வா ஆசிரமத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். இரண்டு வருடம் கிராமம் கிராமமாகப் போய் அவர் கேட்டது, 'உங்கள் பிள்ளை ஏன் வேலைக்கு வெளி மாநிலம் போகிறான்?' என்பதுதான். திருப்பூரிலும் கோவையிலும் பிகார் பையன்களைத் தினமும் பார்க்கும் நமக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். 2024 அக்டோபர் 2-ல் ஜன் சுராஜ் கட்சி, பிறகு அதற்குப் பள்ளிக்கூடப் பை சின்னம். அரசுப் பணித் தேர்வு முறைகேட்டை எதிர்த்த மாணவர்களுக்காக 2025 ஜனவரியில் பாட்னா காந்தி மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்து கைதானார். ஒரு தேர்தலுக்கு ஆலோசனை சொல்ல 100 கோடிக்கு மேல் வாங்கியதாக அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். சம்பாதித்ததில் 98 கோடிக்கு மேல் கட்சிக்குக் கொடுத்ததாகவும் சொன்னார். இந்த உழைப்பை நான் நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

2025 நவம்பரில் பிகார் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்தது. 238 தொகுதிகளில் நின்ற கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. பெரும்பாலான தொகுதிகளில் டெபாசிட்டும் போனது. நிதிஷ் கட்சி 25-ஐத் தாண்டாது என்று அடித்துச் சொல்லியிருந்தார். அது 85 வாங்கியது. பெண்களின் வங்கிக் கணக்கில் அரசு போட்ட பத்தாயிரம் ரூபாய் ஒரு காரணம்தான், சாதிக் கணக்கும் காரணம்தான். ஆனால் வங்கத்தை அவ்வளவு சரியாக எடைபோட்டவர் சொந்த மண்ணைத் தப்பாக எடைபோட்டது எப்படி? தலைவராகிவிட்டவரைச் சுற்றியும் ஒரு வட்டச் செயலாளர் கூட்டம் வந்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். அவரிடம் போய், 'அண்ணா, கூட்டம் வருது, ஓட்டு வராது' என்று சொல்ல ஒரு பி.கே. இல்லை.

உங்கள் தொகுதியின் படிவம் 20 தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இருக்கிறது. அடுத்த பிரச்சாரப் பாட்டைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் வாக்குச்சாவடிக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.