தண்ணீர் தீர இன்னும் 150 நாள்

நிலத்துக்கு அடியில் ஒரு நிலவறை. எண்பத்து நான்கு வருடங்களுக்கு முன் அணுகுண்டுக்கு அஞ்சி உள்ளே போனவர்களின் சந்ததி அங்கே வாழ்கிறது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் சில்லு பழுதாகிவிட்டது. மாற்றுச் சில்லு கையில் இல்லை. நிலவறையின் தலைவர் ஒருவரை அழைத்து, 150 நாளுக்குள் வெளியுலகிலிருந்து ஒரு சில்லு கொண்டுவரச் சொல்கிறார். சூரியனையே பார்த்திராத அந்த நபருக்காகக் கனத்த கதவு திறக்கிறது. வாசலில் முதலில் கண்ணில் படுவது ஓர் எலும்புக்கூடு. முன்பு இதே கதவு வழியாகப் போனவர் அவர்.

இன்டர்பிளே நிறுவனம் 1997 அக்டோபரில் வெளியிட்ட 'ஃபால்அவுட்' கேமின் தொடக்கம் இது. டிம் கெய்ன் என்ற நிரலாளர் தொடங்கிய சிறிய முயற்சி அது. அதே நிறுவனம் 1988-இல் உருவாக்கிய 'வேஸ்ட்லேண்ட்' அதற்கு முன்னோடி. இன்று ஃபால்அவுட் என்பது பல பாகங்கள் கொண்ட பெரிய தொடர். 2024-இல் அமேசான் பிரைமில் வெப் சீரிஸாகவும் வந்துவிட்டது. உலகம் அழிந்த பிறகு நடக்கும் ரோல் பிளேயிங் கேம் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இதுதான். இந்த வகைக் கதைசொல்லலின் பலம், பலவீனம் இரண்டையும் இந்த ஒரு தொடரை வைத்தே பேசிவிடலாம்.

பழகிய அச்சுகள்

இந்தக் கேம்களில் சில டெம்ப்ளேட்கள் திரும்பத் திரும்ப வரும். வெளியுலகம் தெரியாத நாயகன். காணாமல்போன அப்பா அல்லது மகன். சுத்தமான தண்ணீருக்கான தேடல். பழைய தொழில்நுட்பத்தைப் பதுக்கிவைத்துக் காவல் காக்கும் ஒரு வீரர் கூட்டம். அழிந்துபோன அரசின் மிச்சமாகத் திரியும் ஒரு கொடிய கும்பல். இவற்றில் பல, கேம்களுக்கு முன்பே அறிவியல் புனைகதைகளில் புழங்கியவை. அறிவைக் காப்பாற்றும் மடாலயத்தைப் பற்றி வால்டர் மில்லர் எழுதிய 'எ கான்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்' நாவல் 1959-லேயே வந்துவிட்டது.

டெம்ப்ளேட் என்பதாலேயே அதை மட்டமாக எண்ண வேண்டியதில்லை. நிலவறையில் வளர்ந்த நாயகனுக்கு வெளியே எதுவும் தெரியாது. கன்ட்ரோலரைக் கையில் எடுப்பவருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்கிறார்கள். சோடா பாட்டில் மூடிகள் பணமாகப் புழங்குவதைக் கண்டு முதலில் சிரிப்போம். அந்த மூடிகளுக்கு மதிப்புக் கொடுப்பவர்கள் தண்ணீர் வியாபாரிகள் என்பது முதல் பாகத்தில் தெரியவரும்போது சிரிப்பு நின்றுவிடும். தங்கத்துக்குப் பதில் தண்ணீரை ஈடாக வைத்த நாணயம் அது.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. நாவலில் அடுத்த பக்கத்தை எழுதுபவர் ஆசிரியர். சினிமாவில் அடுத்த காட்சியை வைப்பவர் இயக்குநர். கேமிலோ, வடக்கே போகச் சொன்னால் தெற்கே நடக்கும் உரிமை ஆடுபவருக்கு உண்டு. ரகசியத்தைச் சொல்ல வேண்டிய கிழவரை, வாய் திறக்கும் முன்பே சுட்டுவிடலாம். கதைக்குள் கேட்பவர் கையை நீட்டும்போது கதை உடையாமல் நிற்க வேண்டும். நீட்டிய கைக்குப் பதிலும் சொல்ல வேண்டும். இந்த வகைக் கேமுக்கு இதுவே ஆகப்பெரிய சோதனை.

அவசரமும் ஊர்சுற்றலும்

முதல் பாகத்தின் 150 நாள் கெடு வெறும் மிரட்டல் அல்ல. நாள் ஓடிக்கொண்டே இருக்கும். கெடு முடிந்தால் நிலவறை மக்கள் தாகத்தில் சாவார்கள், ஆட்டமும் முடிந்துவிடும். வியாபாரிகளிடம் பேசித் தண்ணீர் வண்டிகளை அனுப்பிவைத்தால் கூடுதலாக 100 நாள் கிடைக்கும். ஆனால் அந்த வண்டித்தடத்தை வைத்தே எதிரிகள் நிலவறையை மோப்பம் பிடிப்பார்கள். உதவி செய்ததற்கும் ஒரு விலை. கெடுக்களின் நெருக்கடி பலருக்குப் பிடிக்காமல் போக, எதிரிகள் வந்துசேரும் கெடுவைப் பின்னால் வந்த திருத்தத்தில் தளர்த்தினார்கள்.

2015-இல் பெதெஸ்டா வெளியிட்ட 'ஃபால்அவுட் 4'-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணெதிரே வாழ்க்கைத் துணையைக் கொன்று, கைக்குழந்தையைத் தூக்கிப்போகிறார்கள். பெற்ற மனம் பதறி ஓட வேண்டிய கதை. ஆனால் கேமோ, ஊர் கட்டு, வேலி போடு, பயிர் செய் என்று அழைக்கிறது. நூறு மணி நேரம் வீடு கட்டிக்கொண்டிருந்தாலும் மகன் விஷயத்தில் எதுவும் மாறாது. இரண்டுமே தனித்தனியாக நல்ல யோசனைகள்தான். சேர்த்து வைத்ததில், தேடலின் துயரம் பொய்யாகிவிட்டது. ஊர்சுற்ற விடும் கேமுக்கு அவசரக் கதை பொருந்தாது. அவசரக் கதை வேண்டுமென்றால் கடிகாரம் ஓட வேண்டும்.

சாகாத மனிதர்கள், சாகாத ரோபோ

2008-இல் வந்த மூன்றாம் பாகத்தில், கதைக்குத் தேவையான பலர் சாகவே மாட்டார்கள். சுட்டால் மயங்கி விழுவார்கள். சிறிது நேரத்தில் தூசி தட்டிக்கொண்டு எழுவார்கள். கதை தப்பியது, நம்பகத்தன்மை போனது.

அப்சிடியன் நிறுவனம் சுமார் 18 மாதங்களில் முடித்து 2010-இல் கொடுத்த 'நியூ வேகஸ்' இதற்கு அழகான விடை கண்டது. அதில் ஏறக்குறைய யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். ஹூவர் அணைக்காக மோதும் குடியரசு, சீசரின் படை, சூதாட்ட நகரை ஆளும் ஹவுஸ் ஆகிய மூன்று தரப்பையுமே பகைத்துக்கொள்ளலாம். அப்போதும் கதை நிற்காது. எதற்கும் 'சரி' என்று சொல்லும்படி மாற்றியமைக்கப்பட்ட 'யெஸ் மேன்' என்ற ரோபோ இருக்கிறது. அதை நொறுக்கினால் அதன் மூளை வேறோர் உடலில் ஏறித் திரும்பி வரும். கதையைக் காக்கும் கட்டாயத்தையே ஒரு கதாபாத்திரமாக மாற்றிய சாமர்த்தியம் இது.

பேச்சும் மௌனமும்

முதல் பாகத்தில் வலிமை, அறிவு, அதிர்ஷ்டம் என ஏழு குணங்களுக்கு நாமே புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அறிவைக் குறைத்து வைத்தால் நாயகனால் முழு வாக்கியம் பேச முடியாது, உறுமத்தான் முடியும். ஊராரும் அதற்கேற்பவே அவனிடம் நடந்துகொள்வார்கள். எழுத்தில் மட்டும் வசனம் இருந்த காலத்தின் சுதந்திரம் அது.

நான்காம் பாகத்தில் நாயகனுக்கும் நாயகிக்கும் குரல் கொடுத்தார்கள். இருவரும் தலா 13,000 வரிகளுக்கு மேல் பேசிப் பதிவு செய்தனர். இவ்வளவு உழைத்தும், எந்த உரையாடலிலும் நான்கு பொத்தான்கள்தான். பொத்தானில் இருப்பதோ ஓரிரு சொல். அழுத்திய பிறகுதான் நாயகன் என்ன பேசப்போகிறான் என்பது தெரியும். அறிவாளியும் மூடனும் ஒரே குரலில், ஒரே வசனம் பேசினார்கள். குரல் வந்தது, 'நான்' காணாமல்போனது. பெதெஸ்டாவே அடுத்து எடுத்த கேம்களில் நாயகனை மீண்டும் மௌனமாக்கியது சரியான முடிவு.

எலும்புக்கூடு சொன்ன கதை

ஆள் இல்லாமலும் கதை சொல்லலாம் என்பதற்கு நியூ வேகஸின் 11-ஆம் எண் நிலவறையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நுழைவாயிலில் சில எலும்புக்கூடுகள், ஓர் ஒலிப்பதிவு. உள்ளே சுவரெங்கும் தேர்தல் சுவரொட்டிகள். அவை வேட்பாளரைத் திட்டித் தீர்த்துவிட்டு, அவருக்கே ஓட்டும் கேட்கின்றன. புரியாமல் உள்ளே நடக்கிறோம். கம்ப்யூட்டர் பதிவுகளைப் படிக்கப் படிக்க விஷயம் துலங்குகிறது. வருடத்துக்கு ஒருவரைப் பலி கொடுக்காவிட்டால் அத்தனை பேரையும் கொல்வேன் என்று நிலவறையின் இயந்திரம் சொல்லியிருக்கிறது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவரே அந்தப் பலி. வெறுக்கும் ஆளுக்கு ஓட்டுப் போடுவதுதான் அங்கே அரசியல்.

கடைசியில் மிஞ்சிய ஐந்து பேர் இனி யாரையும் அனுப்ப மாட்டோம் என்று மறுக்கிறார்கள். இயந்திரம் அவர்களைப் பாராட்டுகிறது. மறுத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்பதுதான் தொடக்கம் முதலே இருந்த ஏற்பாடு. வாசலில் பார்த்த எலும்புக்கூடுகளின் அர்த்தம் அப்போதுதான் நெஞ்சில் அறைகிறது. யாரும் நமக்குக் கதை சொல்லவில்லை. நடந்து, தேடி, நாமே கோத்துக்கொண்டோம்.

இந்த உத்தியையே முழு உணவாக்கினால் என்ன ஆகும்? 2018-இல் வந்த 'ஃபால்அவுட் 76' அதைக் காட்டியது. கணினி இயக்கும் மனிதர் ஒருவர்கூட அப்போது அதில் இல்லை. ரோபோக்களும் ஒலிநாடாக்களும் கடிதங்களும்தான். எங்கே போனாலும் எல்லாம் முடிந்த பிறகே போய்ச் சேர்கிறோம். நாம் என்ன செய்தாலும் பதில் பேச மனிதர் இல்லை. 2020 ஏப்ரலில் மனிதர்களைக் கொண்டுவந்து அந்தக் குறையைச் சரிசெய்தார்கள்.

ஊர் நடுவே ஒரு குண்டு

மூன்றாம் பாகத்தில் மெகாட்டன் என்றோர் ஊர். வெடிக்காத அணுகுண்டைச் சுற்றியே அந்த ஊர் எழுந்திருக்கிறது. குண்டைச் செயலிழக்க வைக்கலாம். காசும் தங்க இடமும் வாங்கிக்கொண்டு ஊரையே வெடிக்கவும் வைக்கலாம். ஜப்பானில் வெளியான பதிப்பில் வெடிக்க வைக்கும் வாய்ப்பை நீக்கிவிட்டார்கள். ஹிரோஷிமாவும் நாகசாகியும் நடந்த மண்ணில் அது வெறும் கேம் பொத்தானாக இருக்க முடியாது. இந்தியாவில், கலாசார உணர்வுகளைக் காரணம் காட்டி அந்தக் கேமை வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2008-இல் அறிவித்தது. எந்தக் காட்சி என்று சொல்லவில்லை. கேமில் வரும் இரட்டைத் தலை மாடுகளுக்கு 'பிராமின்' என்று பெயர் வைத்ததே காரணம் என்று பலர் ஊகித்தார்கள்.

மெகாட்டனை வெடிக்க வைத்தவர்களுக்கு அந்தக் கேம் தரும் பதில் மறக்க முடியாதது. அந்த ஊரில் கடை வைத்திருந்த மொய்ரா என்ற பெண் பிழைத்திருப்பார். கதிர்வீச்சில் தோல் வெந்து உருக்குலைந்த நிலையிலும், பழைய வெகுளித்தனத்தோடு நம்மிடம் பேசுவார். தண்டனையோ வசவோ தேவைப்படாத பதில்.

அதே கேம் முடிவில் தடுக்கி விழுந்தது. கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் போய்ச் சாக வேண்டும். பக்கத்திலேயே ஃபாக்ஸ் என்ற தோழன் நிற்கிறான். கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. ஆனால் இது உன் விதி என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறான். தியாகக் காட்சி வேண்டும் என்பதற்காகக் கதை தன் தர்க்கத்தையே விற்றுவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். 2009-இல் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' இணைப்பில் ஃபாக்ஸை உள்ளே அனுப்ப வழி செய்தார்கள்.

முதல் பாகத்தின் முடிவு இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. மனிதர்களை எல்லாம் அசுர உடல்களாக மாற்றி ஒரே இனமாக்க நினைக்கும் மாஸ்டரைச் சுட்டும் வீழ்த்தலாம். அந்த அசுரர்களால் பிள்ளை பெற முடியாது என்ற ஆய்வுச் சான்றை அவர்முன் வைத்தும் வீழ்த்தலாம். தன் கனவுக்கு எதிர்காலமே இல்லை என்று உணர்ந்த மாஸ்டர் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறார். வென்று வீடு திரும்பும் நாயகனை நிலவறைத் தலைவர் கதவுக்கு வெளியிலேயே நிறுத்துகிறார். உன்னைப் பார்த்து எங்கள் பிள்ளைகளும் வெளியேறிவிடுவார்கள், நீ உள்ளே வர முடியாது என்கிறார். தண்ணீர் கொண்டுவந்தவனுக்கு அந்த ஊரில் இடமில்லை.

நல்ல கேம் கதைக்கு என் அளவுகோல் இதுதான்: ஆடுபவர் செய்ததை அந்த உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறதா? வைத்துக்கொண்டால் எத்தனை பழைய டெம்ப்ளேட்டும் புதிதாகிவிடும். மறந்துவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் அது அட்டைக் கோட்டை. கேம் என்றாலே சுட்டுத்தள்ளுவதுதான் என்று நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஃபால்அவுட் ஆடிய இளைஞர் யாராவது இருந்தால், மெகாட்டன் குண்டை என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அதில் ஒரு கதை இருக்கும்.